துடைக்காத ஊசி

ஊசி கோழிக்கறிக்குள் பாதிக்கு மேல் இறங்கின பிறகுதான் அது எந்த ஊசி என்று தவநேசனுக்கு உறைத்தது. சாப்பாட்டுக்குள் குத்திச் சூடு பார்க்கிற ஊசி. பின்பக்கத்துச் சின்னப் பெட்டியில் நம்பர் ஓடும். வெள்ளைக்காரர் புரோப் என்பார்கள், இவன் மனசுக்குள் எப்போதும் ஊசி என்றுதான் சொல்லிக்கொள்வான். சாப்பாடு பரிமாறுகிற மேசைக்குப் பின்னால், சுவர் ஆணியில், அப்படி இரண்டு தொங்கும். பச்சை நாடா சுற்றினது ஹலால் தட்டுக்கு, நாடா இல்லாதது மற்றத் தட்டுகளுக்கு. பச்சை நாடாக்காரன் இப்போதும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தான், சாது மாதிரி. அப்ப கறிக்குள் நிற்கிறது? அது சற்று முன்னம் எங்கே நின்றது? பன்றி சொசேஜ் தட்டுக்குள் நின்றது, வேறெங்கே. கொழுப்பு வடிய வடியக் கிடந்த அந்தத் தடியன்களில் ஒன்றைத் தேர்ந்து நடுவயிற்றில் குத்தி, நம்பர் பார்த்து, இழுத்தது வரைக்கும் நினைவிருக்கிறது. துடைத்தேனா? துடைக்கிற ஈரக்கடதாசிப் பெட்டி மூடினபடி இருக்கிறது. சரி, துடைத்தால் மட்டும்? துடைத்தாலும் அது அந்த ஊசிதானே. அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் பொறுக்காமல் நம்பர் ஏறி நின்றது. நல்ல சூடு, சட்டத்துக்குக் காணும், கறியில் ஒரு குறையும் இல்லை. ஊசியை மெல்ல இழுத்தான். நுனியில் மஞ்சளாய்க் குழம்பு ஒட்டியிருந்தது. அந்தக் குழம்புக்கு அடியில் என்ன ஒட்டியிருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், அதுவும் எந்தக் கடவுளுக்கு என்பது வேறு கேள்வி. சுற்றிப் பார்த்தான். ஈ காக்கா பார்க்கவில்லை. கூட வேலை செய்கிற கிழவன் டெரி முதுகைக் காட்டிக்கொண்டு பாண் அடுக்கிக்கொண்டிருந்தான், அவனுக்குக் காதும் மந்தம். தவநேசன் கோழித்தட்டின் மூடியைப் போட்டான். போட்டுவிட்டு அந்த மூடியின்மேலே கையை வைத்துக்கொண்டு நின்றான், உள்ளேயிருந்து ஏதோ எழும்பி வந்துவிடும் என்று பயந்தவன்போல.

எல்லாம் மிஸ் கெல்லியின் நல்ல சேதியால் வந்த வினை. அவவில் பிழை சொல்லக்கூடாது, பாவம், சிறையின் இந்த விங்கில் வேலை பார்க்கிற ஆபீஸர்களில் மனுசத்தன்மை உள்ள பிறவி அவ ஒருத்திதான். பின்னால் வந்து, டேவ் என்று கூப்பிட்டா. தவநேசன் என்ற பேரை இந்த நாட்டில் ஒருத்தரும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை, டேவிலேயே களைத்துப்போவார்கள். டேவ், உன்னைத் திறந்த சிறைக்கு மாற்றுகிற கூட்டம் நாளைக்குக் காலமையே வைக்கிறார்கள், என்னுடைய சிபாரிசு இண்டைக்குப் பின்னேரம் போகிறது, இந்த விங்கில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமென்றால் அது உன்னைத்தான் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரித்தா. தவநேசனுக்குக் கால் நிலத்தில் இல்லை. நன்றி மிஸ், நன்றி மிஸ் என்று விசரன் மாதிரி நாலைந்து தரம் சொன்னான். வாய் நன்றி சொல்லிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் அடுத்த தட்டைத் தேடிப் போய்விட்டது. கைக்கு என்ன தெரியும், தட்டுத் தட்டாய்க் குத்திப் பழகின கை. திறந்த சிறை என்றால் மதில் இல்லாத சிறை. காலமை பேக்கரி வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வரலாம், மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கே போகலாம். அதைவிடப் பெரிய விசயம் அபிரா. மகள் இங்கே ஒரேயொரு தரம் வந்தவள். நாய் வந்து மணந்து பார்த்ததும், சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும், பெண் ஆபீஸர் தலைமயிருக்குள் விரலை விட்டதும் எல்லாம் முடிந்து அவள் கதிரையில் வந்து இருந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அதோடு சரி. அங்கை மாத்தினால் வாறாளாம் என்று போன கிழமை பெண்சாதி பவானி டெலிபோனில் சொன்னாள். பவானி அப்படிப் பூசி மெழுகிக் கதைக்கிற மனுசி இல்லை. வாறாளாம் என்றால் வருவாள்.

அதனால் என்ன, யோசி, கெதியாக யோசி. அறைக்கதவுகளைத் திறந்து ஆக்களைச் சாப்பாட்டுக்கு விட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஊசி நுனிதானே. கொண்டைஊசித் தடிப்புக்கூட இல்லை. அதில் ஒட்டினது எவ்வளவு இருக்கும்? ஒரு துளியில் பாதி. அதுவும் கொதிக்கிற குழம்புக்குள் போனால் என்ன மிஞ்சும்? இப்படிச் சொன்னால் போலந்துக்காரன் சிரிப்பான். இவனுக்கு முதல் இந்த மேசையில் தலைமை வேலை பார்த்தவன் அந்தப் போலந்துக்காரன். ஹலால் தட்டில் அகப்பையை மாற்றிப் போட்டுவிட்டான், சும்மா ஒரு அகப்பை. தானே வாயைத் திறந்து சொன்னவன். சொன்னதற்கு என்ன கிடைத்தது? வேணுமென்று செய்தான் என்று விங் முழுக்கக் கதை. ராத்திரி ராத்திரியாகக் கதவுகளை உதைத்தார்கள். வெள்ளைச் சட்டையையும் தொப்பியையும் பறித்து, சலுகையெல்லாம் வெட்டி, பாதுகாப்புக்கென்று வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே பழைய ஹெட்போன் துடைத்துக்கொண்டிருக்கிறானாம். விமானத்தில் சனம் காதில் மாட்டிக் கழற்றி எறிகிற ஹெட்போன் மூட்டை மூட்டையாக இங்கே வரும், துடைத்து, சிக்கெடுத்து, புதுப் பையில் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். அதற்குப் பேர் தொழிற்பயிற்சி. இது அரசாங்கச் சிறை இல்லை, கொம்பனிச் சிறை. அரசாங்கம் ஆளைக் குடுக்கும், கொம்பனி வைத்துப் பார்க்கும், பாடம் படிப்பிக்கும், வேலை குடுக்கும், திருத்தி வெளியில் விடும். சுவரெல்லாம் சூரியகாந்திப் பூவும் நல்ல வசனமும். கைதி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, எல்லாரும் வதிவாளர்கள். உள்ளே இருந்துகொண்டு கதவைத் திறக்க ஏலாத வதிவாளர்கள். தவநேசன் முதல் வருசம் அந்த ஹெட்போன் மேசையில்தான் இருந்தான். ஊரான் காதழுக்கைத் துடைத்தே நகக்கண் வெடித்தவன். பிறகு சமையல் சுகாதார வகுப்பு, இங்கிலீஸ் வகுப்பு, பொறுப்பேற்றல் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்டிபிக்கற். எல்லாவற்றையும் ஏறி வந்துதான் இந்த வெள்ளைச் சட்டை. சுகாதார வகுப்பில் அந்த அம்மா முதல்நாளே சொன்னவ, ஒரு தட்டில் குத்தினதை இன்னொரு தட்டில் குத்தாதே, ஹலாலுக்கு ஊசியே வேற என்று. தலையாட்டினவன்தானே நீ. வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன்தானே.

மேசைக்கு மேலே தொங்குகிற சூட்டு விளக்கு உச்சந்தலையைக் காய்ச்சியது. தொப்பியின் ரப்பர் நெற்றியில் அறுத்தது. சொசேஜ் மணமும் கோழிக்கறி மணமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தன, முந்தியும் அப்படித்தான் வந்திருக்கும், இன்றைக்குத்தான் மூக்கு அதைப் பிரித்துப் பிரித்துக் காட்டியது. பொறுப்பேற்றல் வகுப்பு நடத்துகிற கிரகம் என்ற பேர்க்காரன் நல்ல மனுசன், தாடிக்காரன், எதற்கும் கண் கலங்குவான். அந்த நேரம் நீ என்ன நினைத்தாய் டேவ் என்று கேட்பான். எந்த நேரம் என்றால், வான் இடித்த நேரம். கடைகளுக்குச் சாமான் இறக்குகிற வானை, பகல் ஒரு வேலை இரவு ஒரு வேலை என்று நித்திரையில்லாத கண்ணோடு ஓட்டிக்கொண்டு வந்தபோது டொக் என்றொரு சத்தம். குப்பைத்தொட்டி என்று நினைத்தேன். இல்லை, அது வகுப்பில் முதல்நாள் சொன்ன பதில். நரி என்று நினைத்தேன், இது இரண்டாம் நாள். மூன்றாம் மாதம்தான் உண்மை வந்தது. ஆள் என்று தெரியும். கண்ணாடியில் சைக்கிள் சில்லு சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கண்டும் காலை பிரேக்கில் வைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கைகழுவிச் சோறு தின்றேன். அபிரா, அப்பா ஏன் கை நடுங்குது என்று கேட்டாள், குளிர் என்றேன். அடுத்தநாள் பொலிஸ் வந்து கதவைத் தட்டினபோது இரண்டாம் தரம் சோறு தின்றுகொண்டிருந்தேன். சைக்கிள்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார், தபால்காரராய் இருந்து ஓய்வு எடுத்தவராம், கோட்டில் வழக்கு நடந்தபோதுதான் பேர் தெரிந்தது. நிப்பாட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்குத்தர் சொன்னார். கிரகம் அன்றைக்கு அழுதுவிட்டான், எழும்பி வந்து கையைப் பிடித்து, இதுதான் பொறுப்பு, இதுதான் என்றான். தவநேசனும் அழுதான். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கிறபோதே, இது நல்லபடி எழுதப்படும், எங்கேயோ ஒரு பெட்டியில் ஒரு சரி விழும் என்று உள்ளே ஒருத்தன் கணக்குப் போட்டான். அவன்தான் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறான். ஊசி நுனிதானே, துளியில் பாதிதானே.

தட்டைக் கவிழ்த்துவிட்டால்? அட, ஏன் இவ்வளவு நேரம் இது தோன்றவில்லை. தூக்குகிறபோது கை வழுக்கினது, மன்னித்துக்கொள்ளுங்கோ, தரை முழுக்கக் கறி, கூட்டித் துடைத்தால் முடிந்தது அலுவல். ஊசியும் இல்லை, பன்றியும் இல்லை, ஒருத்தனுக்கும் பாவமில்லை. ஹலால்காரர் எல்லாரும் பருப்பும் கீரையும் தின்னட்டும். நாலு பேர் ஏசுவார்கள், ஏசினால் ஏசட்டும். மூடியிலிருந்த கையைத் தட்டின் காதுக்குக் கொண்டுபோனான். சுட்டது. கையுறையை எடுத்துப் போட்டான். தூக்கி, ஒரு பக்கம் சரித்து, விட்டால் சரி. தூக்கவில்லை. டெரி திரும்பிப் பார்த்து, என்ன தேடுகிறாய் என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றான். கவிழ்த்தால் மிஸ் கெல்லி என்ன நினைப்பா? கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொன்ன வாய் மூட முதல் தட்டைக் கீழே போட்டான் என்றால்? கூட்டத்துக்கு முதல்நாள் கை நடுங்குகிறவனை மதில் இல்லாத இடத்துக்கு அனுப்பலாமோ என்று ஒருத்தன் கேட்டால்? அடேயப்பா, இதற்குக்கூட மனசு வராதவன் எதற்கு வருவான். கவிழ்த்தால் பயம், சொன்னால் அதைவிடப் பயம், சும்மா நின்றால் மட்டும் பயமில்லை. சும்மா நிற்கிறதைத்தான் இவன் வாழ்நாள் முழுக்க வடிவாகப் படித்திருக்கிறான். அதோடு ஹலால் தட்டுக்காரன் முஸம்மில் ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது, வந்து நல்ல வசதியாகக் கைகொடுத்தது. தெரியாமல் தின்றால் தின்றவனுக்குக் குற்றமில்லை அண்ணன், தெரிஞ்சு தின்றாத்தான். அப்படியென்றால் சொல்லாமல் விடுகிறதுதானே அவர்களுக்கு நல்லது? நான் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும், தெரிந்தால்தானே குற்றம். என்னுடைய வாய்தான் அவர்களுடைய பாவத்துக்குக் கதவு. மூடியே இருக்கட்டும். எவ்வளவு அழகாகக் கட்டுகிறான் பாருங்கோ, வக்கீல் பிச்சை வாங்கவேண்டும்.

முஸம்மில் பக்கத்து அறைக்காரன். இந்த விங்கில் தமிழ் கதைக்கிற ஒரே வாய். பாஸ்போட் அலுவலில் உள்ளே வந்தவன், புத்தளத்துப் பிள்ளை. வந்த முதல் கிழமை கேட்டான், அண்ணன் எந்த ஊர் என்று. யாழ்ப்பாணம், டவுன் பக்கம் என்றான் தவநேசன். முஸம்மிலுக்கு முகம் மலர்ந்துபோய்விட்டது. எங்கட வாப்பாவும் அங்கதான், சோனகத் தெருவுக்குக் கிட்ட, தொண்ணூறில வெளிக்கிட்டவங்க. வெளிக்கிட்டவர்கள் என்றான். என்னவோ திருவிழாவுக்கு வெளிக்கிட்ட மாதிரி. ஊரைவிட்டுக் கலைத்தார்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, கேட்கிறவன் மனசு நோகும் என்று அந்தச் சொல்லை விட்டுவிட்டான். தவநேசனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தொண்ணூறில் அவனுக்குப் பதினாறு வயது. ஒலிபெருக்கி கட்டின இயக்கத்து வாகனம், முஸ்லிம்கள் உடனே ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. முஸ்லிம் சனம் எல்லாம் கையில் அள்ளினதோடு நடந்து போனார்கள், வாசலில் நின்ற துவக்குக்காரர் அதிலும் பாதியைப் பறித்தார்கள். சந்தியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தவநேசன் பார்த்து நின்றான். அந்த வரிசையில் நியாஸ் வந்தான். ஒரே வாங்கில் இருந்து படித்தவன், கணக்குப் பாடத்தில் இவனுக்குக் கொப்பி காட்டினவன். நியாஸ் தலையை நிமிர்த்தி இவனைப் பார்த்தான். என்ன கேட்கப் பார்த்தானோ, ஒன்றும் கேட்கப் பார்க்கவில்லையோ. தவநேசன் குனிந்தான். கழலாத செயினை மாட்டிக்கொண்டு, கையெல்லாம் கறுப்புக் கிறீஸ், சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, வரிசை போய் முடிகிற வரைக்கும் குனிந்தே நின்றான். நிமிர்ந்திருந்தால் என்ன செய்திருக்கப் போகிறான், பதினாறு வயசுப் பொடியன், துவக்குக்காரரைத் தடுத்திருப்பானா. தடுக்க ஏலாதுதான். ஆனால் குனியாமல் இருந்திருக்கலாம். அது ஏலும். பவானிக்கும் சொல்லவில்லை, கிரகத்துக்கும் சொல்லவில்லை, கிரகம் கேட்டதெல்லாம் சட்டப்படி செய்த குற்றத்தை. முஸம்மிலுக்குச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் வாய்வரை வரும், வந்ததை மென்று முழுங்கிவிடுவான். அதற்குப் பதிலாகக் கோழித் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து அவனுக்குப் போடுவான். கால்த்துண்டு. இவ்வளவு காலமும் கால்த்துண்டு போட்டுப் போட்டு எதை அடைக்கப் பார்த்தானோ. இன்றைக்கு அந்தக் கால்த்துண்டில்தான் ஊசி இறங்கினது, தடித்த துண்டாகப் பார்த்துக் குத்தச் சொல்லித்தானே வகுப்பில் படிப்பித்தார்கள்.

மணி அடித்தது. கதவுகள் வரிசையாகத் திறக்கிற சத்தம், செருப்புகள் தேய்கிற சத்தம், யாரோ யாரையோ பகிடி பண்ணிச் சிரிக்கிற சத்தம். மிஸ் கெல்லி மேசையின் அந்தத் தலைப்பில் வந்து நின்றா, கையைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல வரிசை குழம்பாமல் பார்க்க. இவனைப் பார்த்துக் கண்ணால் ஒரு சிரிப்புச் சிரித்தா. இப்ப சொல். இப்ப சொன்னால் இன்னும் ஒருத்தரும் தின்னவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா, சொல். மிஸ் என்று கூப்பிட நாக்கைத் தூக்கினான், அதற்குள் இத்ரிஸ் வந்து சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிவிட்டார். எப்போதும் முதல் ஆள் அவர்தான். மலை மாதிரி மனுசன், ஜமெய்க்காக்காரத் தாய்க்கு இந்த நாட்டில் பிறந்தவர், சிறைக்குள்ளே வந்துதான் முஸ்லிமானவர். குடியை விட்டது பெரிதில்லை, சிகரெட்டை விட்டது பெரிதில்லை, அம்மா ஞாயிற்றுக்கிழமையில் சுட்டுத்தந்த பன்றி இறைச்சியை விட்டதுதான் பெரிது என்று சொல்லிச் சிரிக்கிறவர். சிரித்தாலும் விட்டவர். காவலோடு போன தாயின் செத்தவீட்டுச் சாப்பாட்டில்கூடத் தொடவில்லையாம். சலாம் டேவ் என்றார். கை அகப்பையைத் தூக்கியது, பச்சை நாடா சுற்றின அகப்பை, அதில் ஒரு பிழையும் இல்லை. கறியை அள்ளியது, கோப்பையில் போட்டது. அவ்வளவுதான், நடந்துவிட்டது. இனிச் சொல்லி என்ன, நடந்தது நடந்துவிட்டது என்று உள்ளே இருக்கிறவன் ஆறுதலாகச் சொன்னான். அடுத்தவன் சோமாலியாப் பக்கத்து ஆள், அவனுக்கும் போட்டான். அடுத்து ஒரு வெள்ளைக்காரன் சொசேஜ் கேட்டான், அதைப் போடுகிறபோது கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கடுத்து இன்னும் ஒரு முஸ்லிம் பிள்ளை, வருசா வருசம் நோன்பு பிடிக்கிறவன், இவன் இரண்டு அகப்பை போட்டான், ஏன் கூடப் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு கோப்பைக்கும் சொல்லுகிறது இன்னும் கஷ்டமானது. தட்டில் கறி இறங்க இறங்க அந்தக் கால்த்துண்டு மேலே தெரிந்தது. அதை மட்டும் அகப்பையால் ஓரத்துக்குத் தள்ளினான். ஒருத்தருக்கும் போடக்கூடாது என்று தள்ளினான். துண்டைத் தள்ளினால் குழம்பைத் தள்ள ஏலுமா.

முஸம்மில் வந்தான். கோப்பையை நீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான், பின்னால் நின்றவனோடு பந்து விளையாட்டுக் கதை. இவன் கையால் போடுகிறதை அவன் குனிந்து பார்க்கிறதே இல்லை. தவநேசன் அகப்பையைத் தட்டுக்குள் விட்டபடி குரலைத் தாழ்த்தினான். தமிழ்தானே, சுற்றி நிற்கிற ஒருத்தருக்கும் விளங்காது. உதடு அசைகிறதைக் கண்டாலும் சுகம் விசாரிக்கிறான் என்று நினைப்பார்கள்.

"தம்பி, இண்டைக்குக் கோழி வேண்டாம். பருப்பை எடு."

"ஏன் அண்ணன், பழுதாயிட்டுதா?"

"பழுதில்லை. ஊசி மாறிப்போச்சு. பண்டித் தட்டுக்க குத்தின ஊசியை இதுக்க குத்திப்போட்டன். தெரியாமல் நடந்தது, சத்தியமாத் தெரியாமல். ஒருத்தருக்கும் சொல்லாதை."

சொல்லிவிட்டுத் தவநேசனுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. சொல்லிவிட்டேனே. யாருக்குச் சொல்லவேண்டுமோ அவனுக்குச் சொல்லிவிட்டேன். முஸம்மில் கோப்பையைப் பின்னுக்கு எடுக்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தனக்குப் பின்னால் நீண்டு நிற்கிற வரிசையைத் திரும்பிப் பார்த்தான், பிறகு கோப்பையோடு மேசைகளுக்குப் போய்விட்டவர்களைப் பார்த்தான்.

"எனக்கு மட்டுமா அண்ணன் சொல்றீங்க?"

தவநேசன் அகப்பையால் குழம்பைக் கிளறினான். நாளைக்கு என்ர கூட்டம், தம்பி, என்றான். மகள் வாறன் எண்டவள், என்றான். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே பிச்சைக்காரன் குரல்போலக் கேட்டது. முஸம்மில் ஏசினால் நல்லாயிருந்திருக்கும். கோப்பையால் முகத்தில் அடித்திருந்தாலும் ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவன் கோபிக்கவில்லை. விளங்குகிறது என்ற மாதிரித் தலையை மட்டும் ஆட்டினான். பின்னால் நின்றவன் என்னடா அங்கே கதை என்று இங்கிலீசில் முணுமுணுத்தான். முஸம்மில் கோப்பையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினான்.

"அப்ப எனக்கும் போடுங்க."

தவநேசனுக்கு முஸம்மிலைத் தெரியும். இவன் தின்னுவான். இவன் சும்மா மிரட்டுகிறவன் இல்லை, மேசையில் போய் அவர்களோடு இருந்து, தெரிந்துகொண்டு, தெரிந்தால் குற்றம் என்று தானே சொன்ன வாயால் தின்னுவான். அவர்கள் தின்கிறதைத் தான் தள்ளி நின்று பருப்போடு பார்க்க மாட்டான், அவ்வளவுதான். கோப்பை நீட்டினபடியே நின்றது. அகப்பையில் அள்ளியிருந்த குழம்பு விளிம்பால் வழிந்து திரும்பத் தட்டுக்குள்ளேயே சொட்டியது. தவநேசன் அது சொட்டுகிறதைப் பார்த்தான். அகப்பையைக் கவிழ்த்து வைத்தான். மூடியை எடுத்துக் கோழித் தட்டை மூடினான். மூடின சத்தத்துக்கு டெரிகூடத் திரும்பிப் பார்த்தான்.

மிஸ், என்று கூப்பிட்டான். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது, திரும்பவும் கூப்பிட்டான். மிஸ் கெல்லி சிரித்த முகத்தோடே கிட்ட வந்தா. வகுப்பில் படித்த நல்ல வசனம் எத்தனையோ இருந்தது, பொறுப்பு, பாதிப்பு, விளைவு, ஒன்றும் வாயில் வரவில்லை. இந்தக் கறியைக் குடுக்கக்கூடாது மிஸ், பன்றியில் குத்தின ஊசியை இதில் குத்தினேன், நான்தான், குத்தி மூடிவிட்டு நின்றேன், என்றான். கிட்ட நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். வரிசை அப்படியே நின்றுபோனது. ஒருத்தன் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னான், இன்னொருத்தன் அதை இன்னும் பெரிசாகச் சொன்னான். மிஸ் கெல்லியின் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை அவன் பார்த்துக்கொண்டே நின்றான், அதைப் பார்க்காமல் விடுகிறதற்கு வழியிருக்கவில்லை. அவ ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. இதில் யாராவது சாப்பிட்டுவிட்டார்களா டேவ் என்று மட்டும் கேட்டா.

தவநேசன் மேசைகளின் பக்கம் திரும்பினான். மூலை மேசையில் இருந்த இத்ரிஸுக்குத் தூரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கோப்பையின் அடியில் மிஞ்சியிருந்த குழம்பைப் பாண் துண்டால் வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் தன்னையே பார்க்கிறதைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு கறி எப்படி என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்போல. வாய் நிறையப் பாணோடு தவநேசனைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.